ஒரு ஆள் வேலைக்கு நின்றாலும் நீங்கள் முதலாளிதான்

யாழ்ப்பாணத்தில் சின்னக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. புதிதாக ஓர் இடத்துக்குப் போய் "சம்பள விவரம் தாங்கோ" என்று கேட்டால், பெரும்பாலும் மேசை லாச்சிக்குள் இருந்து ஒரு சீ.ஆர். கொப்பி வெளியே வரும். முன்பக்கம் முழுக்கக் கடன்காரர் கணக்கு. கொப்பியைத் திருப்பிப் பிடித்தால் பின்பக்கத்தில் சம்பளம். "பெரிய தம்பி 5,000 அட்வான்ஸ்", "தங்கச்சி 2 நாள் வரேல்லை", "நல்லூர்த் தேருக்கு ஆளுக்கு 2,000". முழுப்பெயர் இருக்காது, சேர்ந்த திகதி இருக்காது, கையெழுத்து இருக்காது.

இந்த முதலாளிமார் கெட்டவர்கள் இல்லை. பலர் வேலையாட்களோடு ஒன்றாக இருந்துதான் மத்தியானம் சாப்பிடுவார்கள், பிள்ளைகளின் கொப்பி புத்தகத்துக்கும் காசு கொடுப்பார்கள். ஆனால் தொழில் திணைக்களத்திலிருந்து ஒருவர் வந்து நான்கு கேள்வி கேட்டால், நான்குக்கும் அந்தக் கொப்பியில் பதில் கிடைக்காது. கேட்டால் ஒரே வார்த்தைதான் வரும்: "எங்களிட்ட மூன்று பேர்தானே நிக்கினம், இதெல்லாம் பெரிய கொம்பனிகளுக்குத்தானே?"

இல்லை. இந்தக் கட்டுரையை எழுதுவதே அந்த ஒரு நினைப்பை மாற்றத்தான். இலங்கையின் தொழில் சட்டத்தில் முக்கியமான பல கடமைகள் முதல் ஆளோடு, முதல் நாளிலேயே தொடங்கிவிடுகின்றன. இன்னும் சில, ஆட்கள் 15 பேரானதும் தொடங்குகின்றன. ஒன்று, பதினைந்து என்ற இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் நியமனக் கடிதம். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பொருந்துவது 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம். அதன்படி, வேலைக்குச் சேர்பவருக்கு வேலை விபரங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும். பெயர், என்ன வேலை, சேர்ந்த திகதி, சம்பளம், வேலை நேரம், லீவு, பயிற்சிக்காலம் உண்டென்றால் எவ்வளவு காலம். ஒரு பக்கம் போதும், தமிழிலேயே எழுதலாம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அவரிடம் கையெழுத்து வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும்.

கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒரு உடுப்புக் கடையில் இந்தக் கடிதத்தை நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது, முதலாளி ஐயா எழும்பிப் போய் அங்கே நின்ற பெண்ணிடம், "பிள்ளை, ஐ.சி.யில உன்ர முழுப்பெயர் என்னம்மா?" என்று கேட்டார். அந்தப் பெண் பதினொரு வருடமாக அங்கே வேலை செய்கிறார். பெயரைச் சொன்னபோது அவருடைய முகத்தில் வந்த வெட்கமும் சந்தோஷமும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கடிதம் கொடுத்தால் ஆள் நிரந்தரமாகிவிடுவார், பிறகு நிற்பாட்ட முடியாது என்று பல முதலாளிமார் பயப்படுகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறு. கடிதம் இல்லாவிட்டாலும் அவர் உங்கள் ஊழியர்தான். பிரச்சினை வருகிற அன்று, என்ன பேசி முடிவெடுத்தோம் என்பதைக் காட்ட உங்கள் கையில் ஒன்றும் இருக்காது, அவ்வளவுதான்.

அடுத்தது சம்பளம். அண்மையில் அதிகம் மாறியிருப்பது இதுதான். தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் 2016இல் வந்தபோது மாதத்துக்கு 10,000 ரூபாய் என்று இருந்தது. பிறகு 12,500 ஆகி, 2024இல் 17,500 ஆனது. 2025ஆம் ஆண்டின் திருத்தம் அதை ஒரேயடியாக உயர்த்தியது: 2025 ஏப்ரல் 1 முதல் 27,000, 2026 ஜனவரி 1 முதல் 30,000. நாட்சம்பளத்துக்கு நிற்பவருக்கு இப்போது ஆகக் குறைந்தது 1,200 ரூபாய். முன்பு 1,000 என்றும் 2,500 என்றும் தனியாகக் காட்டிவந்த வரவுசெலவுத் திட்ட நிவாரணப்படிகள் இந்தத் தொகைக்குள் அடங்கிவிட்டன. பழைய சம்பளத் தாளில் அவற்றை இன்னும் தனி வரியாகப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் தாளை மாற்றிக்கொள்ளுங்கள்.

30,000 என்பது அடிப்படைச் சம்பளம். இரவு ஒன்பது மணி வரை நிற்பாட்டி, அந்த மேலதிக நேரக் காசையும் கூட்டித்தான் 30,000 வருகிறது என்றால் அது சட்டத்துக்குப் போதாது. பேக்கரி, அச்சகம், கட்டடவேலை போன்ற தொழில்களுக்குச் சம்பளச் சபைகள் தனியாகச் சம்பளமும் நிபந்தனைகளும் நிர்ணயித்திருக்கின்றன. அந்தத் தொழில்களிலும் யாருக்கும் தேசிய குறைந்தபட்சத்துக்குக் கீழே கொடுக்க முடியாது.

இனி ஈ.பி.எப்., ஈ.டி.எப். கதை. எங்கள் ஊரில் ஆகக் கூடுதலான பிழை நடப்பது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஈ.பி.எப்., 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. ஊழியரின் உழைப்பில், அதாவது அவர் உழைத்து எடுக்கிற காசில், 8 வீதத்தை அவரிடமிருந்து கழித்து, நீங்கள் 12 வீதம் போட்டு, மொத்தம் 20 வீதமாகக் கட்ட வேண்டும். 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு, அதாவது ஈ.டி.எப்.புக்கு, இன்னும் 3 வீதம். அது முழுக்க முதலாளியின் பணம், ஊழியரின் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது. 30,000 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஊழியரிடம் கழிப்பது 2,400, அவர் கையில் கொண்டுபோவது 27,600. நீங்கள் போடுவது 3,600, ஈ.டி.எப். 900. ஆக அந்த ஆளுக்காக உங்கள் கையை விட்டுப் போவது மாதம் 34,500 ரூபாய். ஆள் எடுக்கும்போது "சம்பளம் 30,000" என்று மட்டும் நினைத்து எடுக்காமல், இந்த 34,500ஐக் கடை தாங்குமா என்று பார்த்து எடுங்கள்.

"தம்பி இன்னும் பயிற்சியில, ஆறு மாதம் முடிய ஈ.பி.எப். போடுவம்" என்று சொல்வது வழக்கம். அப்படி ஒரு சலுகை சட்டத்தில் இல்லை. பயிற்சிக்காலமோ, தற்காலிகமோ, நாட்சம்பளமோ, முதல் மாதச் சம்பளத்திலிருந்தே கட்ட வேண்டும். விற்பனைக்குக் கொமிஷன் கொடுத்தால் அதுவும் உழைப்பில் சேரும். கடையிலேயே சாப்பாடு கொடுத்தால் அதன் பெறுமதியும் சேரும். மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. இந்த மாதத்துப் பணத்தை அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டிவிட வேண்டும்.

கட்டாமல் விட்டால் என்ன ஆகும்? ஒரு உதாரணம். 20,000 சம்பளத்தில் ஐந்து வருடம் நின்ற ஒருவருக்கு ஒன்றுமே கட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 4,000 வீதம் 60 மாதத்துக்கு 240,000 ரூபாய். அந்த 8 வீதத்தை இப்போது போய் அவரிடம் கேட்க முடியாது, அதையும் சேர்த்து நீங்களே கட்ட வேண்டும். அதன் மேல் மிகைவரி. பிந்திய காலத்தைப் பொறுத்து அது 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை போகும். ஈ.டி.எப். 36,000 தனி. மாதா மாதம் கட்டியிருந்தால் கடைக்குத் தெரியாமலே போயிருக்கும் காசு, ஒரு சண்டைக்குப் பிறகு ஒரே கடிதத்தில் வந்து நிற்கும். இன்னும் மோசமானது, 8 வீதத்தை ஊழியரிடம் கழித்துவிட்டுக் கட்டாமல் விடுவது. அது அவருடைய காசை எடுத்துச் செலவழிப்பது. அப்படிச் செய்கிற இடத்துக்கு நான் கணக்கு எழுதுவதில்லை.

ஊழியர்களே "எனக்குக் கழிக்க வேண்டாம், கையில தாங்கோ" என்று கேட்பதும் உண்டு. அவர்களோடு ஐந்து நிமிடம் இருந்து கதையுங்கள். பத்து வருடம் அங்கத்தவராக இருந்து, கணக்கில் 300,000 ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால், வீடு கட்டவோ வைத்தியத்துக்கோ 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்கலாம். கலியாணத்துக்காக வேலையை விடுகிற பெண் தன் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். கடைகளில் நிற்கிற எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஒரு சங்கிலி, ஒரு தையல் மெஷின், பாதி கட்டி நிற்கிற வீட்டுக்கு ஒரு கூரை. அந்த 20 வீதம் கடைசியில் இப்படித்தான் வந்து சேர்கிறது. விளக்கிச் சொன்ன பிறகு "வேண்டாம்" என்று சொன்ன ஒருவரையும் நான் கண்டதில்லை. அவர் சொன்னாலும் சட்டம் உங்களை விடாது என்பது வேறு விஷயம்.

பதிவு செய்வது கடினமான காரியம் இல்லை. தொழில் அலுவலகத்தில் டி படிவம் நிரப்பிக் கொடுத்தால் முதலாளி இலக்கம் தருவார்கள். பிறகு மாதா மாதம் சி படிவத்தோடு பணம் கட்டுவது. இரண்டு மாதம் கட்டினால் கை பழகிவிடும்.

வேலை நேரம் பற்றி. கடையிலும் அலுவலகத்திலும், சாப்பாட்டு நேரம் தவிர, நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேலே மேலதிக நேரம், அதுவும் கிழமைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் போகக் கூடாது. கொடுப்பனவு ஒன்றரை மடங்கு. மாதச் சம்பளத்தை 240ஆல் பிரித்தால் ஒரு மணித்தியாலச் சம்பளம் வரும். 30,000க்கு 125 ரூபாய், ஒன்றரை மடங்கில் 187 ரூபாய் 50 சதம். நல்லூர்த் திருவிழா நடக்கிற 25 நாளும் இரவு பத்து மணிவரை திறந்து வைக்கிற கடைகள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். "திருவிழாவுக்கு ஒரு சாறி குடுத்தனான்" என்பது அன்பு. அது மேலதிக நேரக் கொடுப்பனவு ஆகாது. யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று ஒரு வரவுப் புத்தகம் வைத்து அவர்களையே கையெழுத்திடச் சொல்லுங்கள்.

கிழமைக்கு ஒன்றரை நாள் விடுமுறை உண்டு. எங்கள் ஊரில் ஞாயிறு மட்டும் கொடுத்துவிட்டு அந்த அரை நாளை மறந்துவிடுகிறோம். போயா நாளில் வேலை வாங்கினால் அன்றைய சம்பளம் ஒன்றரை மடங்கு. அப்புறம், கடை ஊழியருக்குச் சம்பளத்தோடு கொடுக்க வேண்டிய விடுமுறை நாட்களில் தைப்பொங்கல், சுதந்திர தினம், சித்திரைப் புத்தாண்டுக்கு முதல்நாள், புத்தாண்டு, மே தினம், வெசாக்குக்கு அடுத்த நாள், மீலாத், நத்தார் என்று எட்டு நாட்கள் இருக்கின்றன. தீபாவளி இந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் யாழ்ப்பாணத்தில் தீபாவளியன்று ஆளைக் கூப்பிட்டு வேலை வாங்குகிற கடையை நான் மதிக்க மாட்டேன். அதையும் நியமனக் கடிதத்திலேயே விடுமுறை என்று எழுதிவிடுங்கள், ஒரு நாளில் ஒன்றும் குறைந்துவிடாது.

வருடாந்த லீவு 14 நாள். முதல் வருடத்துக்கு மட்டும் சேர்ந்த மாதத்தைப் பொறுத்து மாறும்: மார்ச் முடிவதற்குள் சேர்ந்தால் 14, ஜூன் முடிவதற்குள் 10, செப்டெம்பர் முடிவதற்குள் 7, அதன் பிறகு சேர்ந்தால் 4. அந்த லீவை அடுத்த வருடத்தில் எடுக்கலாம். சுகயீனம், அவசரத் தேவைகளுக்கு இன்னொரு 7 நாள். முதல் வருடத்தில் அது இரண்டு மாதத்துக்கு ஒரு நாளாகச் சேரும். காய்ச்சலில் படுத்த பிள்ளைக்குச் சம்பளம் வெட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

வயது. வேலைக்கு வைக்கக்கூடிய ஆகக் குறைந்த வயது முன்பு 14, 2021இல் அது 16 ஆனது. சாதாரண தரம் எழுதிவிட்டு வந்து கேட்கிற பெடியன் என்றால் பிறப்புச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். 18 நிறையாதவர்களை ஆபத்தான வேலைகளில் விடக் கூடாது.

மகப்பேற்று விடுமுறை பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். சட்டப்படி 84 நாள், முழுச் சம்பளத்தோடு. முன்பு மூன்றாவது பிள்ளையிலிருந்து அது 42 நாளாகக் குறைந்தது. 2018இல் வந்த திருத்தத்தோடு எல்லாப் பிள்ளைகளுக்கும் 84 நாளாகிவிட்டது. கர்ப்பமானதற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது. இவ்வளவு தெளிவான சட்டம் இருந்தும், "ஏழாம் மாதத்தோட நிக்கச் சொல்லிப்போட்டம், பிள்ளை பிறந்த பிறகு பாப்பம்" என்று மிகச் சாதாரணமாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மூன்று பேர் நிற்கிற கடைக்கு 84 நாள் சம்பளம் பாரம்தான், அதை நான் மறுக்கவில்லை. அதற்கு முன்னேற்பாடு செய்யலாம். ஏழு மாதம் முன்பே தெரிகிற செலவு அது. மாதா மாதம் ஒரு தொகையை ஒதுக்கி வைக்கலாம், அந்த மூன்று மாதத்துக்கு வேறொருவரைத் தவணை குறிப்பிட்டு எழுத்தில் நியமிக்கலாம். வெளியே அனுப்புவது மட்டும் வழி இல்லை.

வேலைத்தள விபத்துக்கு 1934இலேயே தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2022இல் அதில் ஒரு முக்கியமான மாற்றம் வந்தது. வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போதும் திரும்பிப் போகும்போதும் நடக்கிற விபத்தும் அதற்குள் வந்துவிட்டது. வடமராட்சியிலிருந்தும் தீவுப் பக்கத்திலிருந்தும் மோட்டார் சைக்கிளில் வந்து போகிற ஆட்களை வைத்திருப்பவர்கள் காப்புறுதி எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி ஆளை நிற்பாட்டுவது. எனக்குத் தெரிந்த ஒரு இரும்புச் சாமான் கடையில் பணம் குறைந்தது. முதலாளிக்கு ஒருவர் மேல் சந்தேகம். இரவு போன் எடுத்து, "நாளைக்கு வராதை" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. விளக்கம் கேட்டு ஒரு கடிதம் இல்லை, பில்லையும் இருப்பையும் ஒப்பிட்டுப் பார்த்த தாள் இல்லை. சில மாதம் கழித்துத் தொழில் நியாய சபையிலிருந்து அறிவித்தல் வந்தது. வேலையை விட்டு நீக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் அங்கே விண்ணப்பிக்கலாம். கடையில் எத்தனை பேர் என்பது கேள்வியே இல்லை. நீக்கியது நியாயம் என்று காட்டுவது முதலாளியின் வேலை. அந்த முதலாளி சொன்னது உண்மையாகவே இருந்திருக்கலாம். காட்டுவதற்கு அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. கடைசியில் ஒரு தொகை கொடுத்துச் சமாதானமாகப் போனார். பிழை நடந்தால் அன்றைக்கே எழுதுங்கள், விளக்கம் கேளுங்கள், அவர் சொல்வதையும் எழுத்தில் வாங்குங்கள், பெரிய விஷயம் என்றால் மூன்றாம் ஆள் ஒருவரை வைத்து விசாரியுங்கள். கோபம் ஆறுவதற்கும் அந்த இரண்டு நாள் உதவும்.

15 பேருக்குப் போய்விட்டால் மூன்று விஷயங்கள் கூடச் சேரும். ஒன்று, 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடை. ஐந்து வருடம் முடித்தவர் எந்தக் காரணத்துக்காக விலகினாலும், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம், 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கடைசியாக 32,000 எடுத்தவர் எட்டு வருடம் நின்றிருந்தால் 128,000 ரூபாய். இரண்டு, 1971ஆம் ஆண்டுச் சட்டம்: ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல், வியாபாரம் குறைந்தது போன்ற காரணத்துக்காக ஆளைக் குறைப்பதென்றால், அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும். ஒரு வருடத்தில் 180 நாள் வேலை செய்தவருக்கு இது பொருந்தும். ஒழுக்காற்றுக் காரணம் என்றாலும், நீக்கிய பிறகு இரண்டாவது வேலை நாளுக்குள் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். மூன்று, 2021இல் வந்த ஓய்வு வயதுச் சட்டம். அது வந்தபோது 52 வயது நிறையாதிருந்தவர்களை 60 வயதுக்கு முன் வயதைக் காரணம் காட்டி ஓய்வில் அனுப்ப முடியாது. "55 ஆச்சு, காணும்" என்ற பழைய வழக்கம் இனிச் செல்லாது.

14 பேரோடு நிறுத்திக்கொண்டால் தப்பலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். மேலே 15க்கு முன்னால் சொன்ன ஒன்றும் அதனால் மாறாது.

இதுவரை ஒன்றுமே செய்யாதவர்கள் எங்கே தொடங்குவது? இந்தக் கிழமை சீ.ஆர். கொப்பியை எடுத்து, ஒவ்வொருவரின் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், சேர்ந்த திகதி, இன்றைய சம்பளம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். சேர்ந்த திகதி நினைவில்லை என்றால் அவர்களையே கேளுங்கள், அவர்களுக்கு நினைவிருக்கும். சம்பளம் 30,000க்குக் குறைவாக இருந்தால் இந்த மாதத்திலிருந்தே சரிசெய்து, கையெழுத்தோடு சம்பளத் தாள் கொடுக்கத் தொடங்குங்கள். அந்தத் தாளோடு யாழ்ப்பாணத் தொழில் அலுவலகத்துக்கு நீங்களாகவே போய் டி படிவம் கேளுங்கள். பழைய நிலுவை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். முறைப்பாடு போன பிறகு அவர்கள் உங்களைத் தேடி வருவதை விட, நீங்கள் தாளோடு போய் அவர்களுக்கு முன்னால் கதிரையில் இருப்பது மிகவும் இலகு.